நாலு பேர் தூக்கிய பீரோ

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மாடிவீடு இருந்ததாம். அந்த வீட்டின் மூன்றாம் மாடியிலே நாலே நாலு பேர் குடியிருந்தார்களாம். அந்த நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு இரும்பு பீரோ இருந்ததாம். ஊர் பல்லாவரம். கிழமை ஞாயிறு. வெயில் ஏறுமுன் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. மற்ற சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது, மிச்சம் பீரோ ஒன்றுதான். மேல்பக்கம் இர்ஷாத்தும் ஜெபராஜும், கீழ்ப்பக்கம் தினகரனும் கோமதிநாயகமும். பீரோவை மல்லாக்கப் படுக்கவைத்து ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துப் படிப்படியாக இறக்குகிறார்கள். நாயகத்துக்குக் கிடைத்தது கீழ்ப்பக்கத்து இடது மூலை. கிடைத்தது என்றா சொல்வது, கொடுத்தார்கள். யார் கொடுத்தது? "நீ அங்க புடி" என்று ஒரு குரல் வந்தது, எந்த வாயிலிருந்து என்று அவன் கவனிக்கவில்லை, கவனிக்காதது தப்பு, ஏனென்றால் கீழ்ப்பக்கம் பிடிப்பவன்மேல்தான் பாரமெல்லாம் சாயும் என்பது பீரோவைத் தொட்டுப் பார்க்காதவனுக்கும் தெரியும். அவன் பின்பக்கமாக நடக்கிறான். குதிகாலால் தடவி, படியின் விளிம்பைக் கண்டுபிடித்து, அப்புறம் பாதத்தை வைக்கிறான். முதுகில் பை தொங்குகிறது. மற்றவர்கள் பையெல்லாம் வண்டிக்குப் போய்விட்டது, அவன் மட்டும் பையை இறக்கவில்லை. "பைய வண்டியில போடேம் மக்கா, பீரோவத் தூக்குறியா, பள்ளிக்கூடத்துக்குப் போறியா?" என்று ஜெபராஜ் மார்த்தாண்டத்துப் பேச்சில் சிரித்தான். "கனமில்ல, இருக்கட்டும்" என்றான் நாயகம். கனமில்லைதான். ஆனால் வண்டியில் போட்ட பை வண்டியோடு போகும், வண்டி போகிற வீட்டில் அந்தப் பைக்கு இடம் இருக்கிறதா என்பதல்லவா கேள்வி.

வியாழக்கிழமை அந்த போன் வந்திருக்காவிட்டால் இந்தக் கேள்வியே கிடையாது. இர்ஷாத் குளித்துக்கொண்டிருந்தான், அவன் போன் சமையல்மேடையில் அலறிக்கொண்டிருந்தது, "எடுத்துப் பேசுப்பா" என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தான், நாயகம் எடுத்தான். புது வீட்டுக்காரர். ஹலோ சொல்லக்கூட விடவில்லை. "தம்பி, மூணு பேருக்கும் மூணு சாவி போட்டு வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிடுங்க" என்றார். நாயகம் "சரிங்க சார்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே "யாரு?" என்றான் இர்ஷாத். "வீட்டுக்காரர். சாவி தயாரா இருக்காம்." எத்தனை சாவி என்று நாயகம் சொல்லவில்லை. இர்ஷாத்தும் கேட்கவில்லை. கேட்காதது இயல்பா, அல்லது தெரிந்தவன் எதற்குக் கேட்பான் என்பதாலா? வெள்ளி போயிற்று, சனி போயிற்று, மூன்று பேரில் ஒருவராவது "டேய், ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பார்கள் என்று அவன் சோறு போடும்போதும் செருப்பு மாட்டும்போதும் காத்திருந்தான். ஒருவரும் ஆரம்பிக்கவில்லை. அட்டைப்பெட்டி கட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள், அவன் தட்டையும் தம்ளரையும் தங்கள் தட்டோடு சேர்த்தே பழைய பேப்பரில் சுற்றினார்கள். தட்டைச் சுற்றியவர்கள் ஆளை விட்டுவிடுவார்களா? விடலாம். தட்டுக்குச் சாவி தேவையில்லை.

பீரோவின் கதவில் கண்ணாடி. அதன்மேல் போர்த்தியிருந்த போர்வை நழுவிவிட்டது. மல்லாந்த கண்ணாடியில் மாடிக்கூரையும், அதன் ஓரத்தில் தலைகீழாக இர்ஷாத்தின் மோவாயும், ஜெபராஜின் மூக்குத்துவாரமும் தெரிகின்றன. தலைகீழ் முகத்தில் சிரிப்பு எது, முக்கல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. இர்ஷாத்தின் கண் ஒரு நொடி ஜெபராஜ் பக்கம் போய்த் திரும்பியது, அல்லது அவன் படியைப் பார்த்தானோ? சட்டென்று நாயகத்தின் மூலை கனத்தது. விரல்களில் தகட்டின் விளிம்பு பதிந்து வெட்டியது. யாரோ ஒருவன் பிடியைத் தளர்த்தியிருக்கிறான். யாரோ ஒருவன் தூக்குகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு வருகிறான். தினகரன் பக்கத்திலேயே இருக்கிறான், அவன் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, ஆனால் கழுத்து நரம்பை யார் வேண்டுமானாலும் புடைக்க வைக்கலாம். "மெதுவா, மெதுவா" என்று மேலிருந்து குரல். மெதுவா என்று சொல்பவனுக்குப் பாரம் இருக்காது, பாரம் இருக்கிறவனுக்கு மூச்சு ஏது?

லொஜ்பான் படித்தவன் புத்தி இப்படித்தான் போகும். லொஜ்பான் என்பது ஒரு மொழி. எந்த மண்ணிலும் தானாக முளைத்ததல்ல, சிலபேர் உட்கார்ந்து யோசித்துச் செங்கல் செங்கலாகக் கட்டியது. இர்ஷாத் வாணியம்பாடியில் கல்லூரிக் காலத்திலிருந்தே அதைப் படிப்பவன். நாயகம் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், இரவு வேலை முடிந்து தூக்கம் வராத காலைகளில், அவனிடம் கற்றுக்கொண்டான். முதல் பாடமே தூக்குவதைப் பற்றித்தான். "நானும் ஜெபாவும் மேசையத் தூக்கினோம்னு நீ தமிழ்ல சொல்ற. ஆளுக்கு ஒரு தடவை தூக்கினோமா, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே தடவை தூக்கினோமா? கேக்கறவன் தலையெழுத்துன்னு விட்டுடற. இங்க அப்படி விட வேணாம்" என்றான் இர்ஷாத். இரண்டு பெயருக்கு நடுவில் 'எ' என்று வைத்தால் தனித்தனி. அவனும் தூக்கினான், இவனும் தூக்கினான், ஒவ்வொருவனையும் தனியே கூப்பிட்டு விசாரித்தாலும் வாக்கியம் நிற்கும். 'ஜொய்' என்று வைத்தால் இரண்டு பேரும் உருகி ஒரு கும்பல்; கும்பல்தான் தூக்கியது, உள்ளே யார் எவ்வளவு தூக்கினான் என்பதைப் பற்றி அந்தச் சொல் மூச்சு விடாது, ஒருவன் வெறும் விரலை வைத்துக்கொண்டு கூடவே நடந்திருந்தாலும் வாக்கியம் பொய்யாகாது. நாயகத்துக்கு அன்றைக்கு உடம்பு சிலிர்த்தது. ஊர் கூடித் தேர் இழுத்தார்கள் என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறான், வடத்தில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவனும் அந்த ஊரில்தானே சேர்த்தி என்று ஒரு தடவையாவது தோன்றியதுண்டா?

அது பிறகு வீட்டு வழக்கமாகிவிட்டது. தினகரனும் ஜெபராஜும் அந்த மொழியில் வேறு ஒரு சொல்லும் படிக்கவில்லை, இந்த இரண்டை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். "பாத்திரம் கழுவியாச்சுடா." "எ-யா, ஜொய்-யா?" "ஜொய்தான் மக்கா." "அப்ப நீ கழுவல!" குப்பை கொட்டியது ஜொய், கதவைப் பூட்டாமல் போனது ஜொய், பாலைப் பொங்கவிட்டது எப்போதும் ஜொய். 'ஜொய் போடாதே' என்றால் கூட்டத்துக்குள் ஒளியாதே என்று அர்த்தம். உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு வசவு இருக்காது. சிரிப்பாகத்தான் இருந்தது, வியாழக்கிழமை வரைக்கும். அதற்குப் பிறகு நாயகம் ஒவ்வொரு 'ஓம்' விகுதியையும் உரித்து உரித்துப் பார்க்கிறான். வீடு பார்க்கப் போனோம். முன்பணம் கொடுத்தோம். பேசி முடிச்சோம். அவன் வேலைக்குப் போயிருந்த சனிக்கிழமை மூன்று பேரும் போய் முடித்துவிட்டு வந்து சொன்ன அந்த 'முடிச்சோ'முக்குள் யார் இருக்கிறார்கள்? மூன்று பேர் என்று சொன்ன வாய் ஒன்றாகத்தான் இருக்க முடியும். மூன்று வாய் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்ல அவர்கள் என்ன பஜனையா பாடினார்கள்?

"சுவத்துல இடிச்சிராதீங்க தம்பி, இப்பத்தான் சுண்ணாம்பு அடிச்சது!" இரண்டாம் மாடிக் கதவைப் பாதி திறந்து ஒரு அம்மாள் நின்றாள். "இடிக்க மாட்டோம்க்கா" என்றான் ஜெபராஜ். "மாட்டோம்னு சொல்லிக்கிட்டே இடிக்கிறியே!" பீரோவின் கால் சுவரில் ஒரு கோடு கிழித்திருந்தது. "யாருடா இடிச்சது?" என்றான் தினகரன். "ஜொய்!" என்று மேலே இரண்டு பேரும் சேர்ந்து கத்திச் சிரித்தார்கள், அம்மாள் ஒன்றும் புரியாமல் கதவைச் சாத்தினாள். நாயகமும் சிரித்தான். சிரிக்காவிட்டால் கவனிப்பார்கள். ஜெபராஜாக இருக்குமோ? அவன் கருவாடு வறுத்த அன்று நாயகம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் மொட்டைமாடிக்குப் போனானே, பேசியிருந்தால் சண்டையோடு போயிருக்கும், பேசாமல் போனதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். அல்லது தினகரன். நாயகம் விடியற்காலையில் வேலையிலிருந்து வந்து விளக்கைப் போடும்போதெல்லாம் தலையணையை முகத்தில் அழுத்திக்கொள்வான், தருமபுரிக்காரன், எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டான், சொல்லாதவன் மனசில் எவ்வளவு தேங்கியிருக்கும்? இல்லை, இர்ஷாத்தான். வெவ்வேறு தேசத்து ஆட்கள் வாராவாரம் கூடிப் பேசும் அந்த இணையக் கூட்டத்தில் இர்ஷாத் பெருமையாக, நானும் நாயகமும் கதை எழுதினோம் என்றான், நடுவில் 'எ' வைத்துவிட்டான், ஆளுக்கொரு முழுக்கதை எழுதின மாதிரி. நாயகம் தனக்கே கேட்காத குரலில் "ஜொய்" என்று திருத்தினான். மைக்கு அதைப் பிடித்துக்கொண்டது. யாரோ ஒரு பெண் கைதட்டினாள். இர்ஷாத்தும் சிரித்தான். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. கற்றுக்கொடுத்தவனைக் கற்றவன் நாலு பேர் முன்னால் திருத்தலாமா? திருத்தியது ஒரு சொல். அதற்காக ஒரு சாவியா?

ஆனால் அப்படியானால் இந்தக் காலையில் எதற்காக எழுப்பினார்கள்? "எழுந்திரு நாயகம், நேரமாச்சு" என்று தோளைத் தொட்டு டீயை நீட்டியது இதே இர்ஷாத்தான். டீயில் சர்க்கரை சரியாக இருந்தது. அதுவும் சந்தேகத்துக்குரியதுதான்; மற்ற நாளில் மறந்துபோகிற சர்க்கரை இன்றைக்கு எப்படி ஞாபகம் வந்தது? யோசிக்க யோசிக்க ஒன்று மட்டும் குதிகாலிலிருந்து மெல்ல ஏறி வந்தது. இந்தப் படி முடிகிறவரைக்கும்தான் அவன் நாலாவது ஆள். பீரோ தரையைத் தொட்டதும் மூன்று பேராகிவிடுவார்கள். அதுவரைக்கும் டீ, சர்க்கரை, சிரிப்பு. பழைய வீட்டுச் சாவி இன்றோடு போய்விடும், புது வீட்டில் சாவி இல்லை, ராத்திரி எங்கே படுப்பது? உள்ளங்கை வேர்த்து, தகடு வழுக்கியது. விட்டுவிட்டால்? வேண்டாம். தினகரன் காலில் விழும். தினகரன் காலை நினைத்ததும் அவன் மறுபடி இறுக்கிப் பிடித்தான், பிடித்துவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அப்போதுதான் கீழேயிருந்து வண்டிக்காரர் குரல் கொடுத்தார். "என்னப்பா, இன்னுமா வருது? தூக்க ஆள் கூட்டியாரவான்னு கேட்டதுக்கு, வேணாம்ணா, நாங்க நாலு பேர் இருக்கோம்னு நெஞ்சை நிமித்துனீங்க!" படிச்சுவர்களில் மோதி மோதி அந்த வார்த்தை ஏறி வந்தது. நாலு பேர். நாயகத்தின் குதிகால் நின்றுவிட்டது. அது முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற சதுரம். "இறக்குங்க" என்றான். "இன்னும் ஒரே ஒரு சுத்துதான்" என்றான் இர்ஷாத். "இறக்குங்கலே" என்றான் நாயகம், அவன் குரல் அப்படி உயர்ந்து அவர்கள் கேட்டதில்லை. பீரோ சதுரத்தில் சாய்ந்து உட்கார்ந்தது, சுவரோரம் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம் மட்டும் மிச்சம். நாலு பேரும் கையை உதறினார்கள். "வண்டிக்காரர்கிட்ட நாலு பேர்னு சொன்னது யாரு?" என்று கேட்டான் நாயகம். "நான்தான், ஏன்?" என்றான் இர்ஷாத், கொஞ்சமும் யோசிக்காமல். "வீட்டுக்காரர்கிட்ட மூணு பேர்னு சொன்னது யாரு?"

ஜெபராஜ் சிரிக்கப் பார்த்தான், உதடு பாதியில் நின்றது. நாயகம் மூன்று முகத்தையும் இப்போது நேராகப் பார்த்தான், கண்ணாடி வழியாக அல்ல. இதோ வரப்போகிறது, ஒரு முகம் மட்டும் கோணும், அந்த முகம்தான் என்று காத்திருந்தான். மூன்று முகமும் ஒன்றுபோலவே கோணின. "யாரும் சொல்லலடா" என்றான் இர்ஷாத். "சத்தியமா. அவரே எண்ணிக்கிட்டாரு. நாங்க போய் நின்னோம், மூணு பேருதானே தம்பி, அதுக்கு மேலன்னா ஒத்து வராதுன்னாரு. நான் வாயத் தொறந்தேன், அதுக்குள்ள தண்ணி மோட்டர் பத்தி ஆரம்பிச்சிட்டாரு." "இர்ஷாத்து பேசுவாம்னு நான் நெனச்சேன் மக்கா, அவன்தான எல்லாம் பேசுவான்" என்றான் ஜெபராஜ். "நான் பின்னாடி செருப்புகிட்ட நின்னேன்" என்றான் தினகரன். "எனக்குச் சரியாக்கூடக் கேக்கல." "வெளிய வந்தப்புறம்?" "அப்புறமா சொல்லிக்கலாம்னு." "யாரு சொல்லிக்கலாம்னு?" தினகரன் ஜெபராஜைப் பார்த்தான், ஜெபராஜ் இர்ஷாத்தைப் பார்த்தான், இர்ஷாத் பீரோவைப் பார்த்தான்.

மூன்று நாளாக நாயகம் ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தான். ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், சட்டையைப் பிடிக்கலாம், வைதுவிட்டு அழலாம், பத்து வருஷம் கழித்து மன்னிக்கலாம். இங்கே பிடிக்கச் சட்டை இல்லை. இவனைத் தனியே கூப்பிட்டால் 'நான் சும்மா நின்றேன்' என்பான், அது மெய். அவனைக் கூப்பிட்டாலும் அதே மெய். மூன்று மெய்யையும் ஒன்றாகக் கூட்டினால் ஒரு சாவி குறைகிறது. ஒருவனும் தள்ளவில்லை, அவன் கீழே விழுந்திருக்கிறான். இதற்கு 'எ' வைப்பதா 'ஜொய்' வைப்பதா? தூக்கியதற்கு இரண்டு சொல் கட்டி வைத்தவர்கள் தூக்காததற்கும் அதே இரண்டைத்தான் வைத்திருப்பார்கள்; இரண்டில் எதை வைத்தாலும் வாக்கியம் நிற்கிறது, எதை வைத்தாலும் குற்றவாளி வெளியே வரவில்லை. வியாழக்கிழமை 'சரிங்க சார்' என்று போனை வைத்தானே ஒருவன், அவன் வாயும் இதில் சேர்த்திதானா என்று ஒரு எண்ணம் நெருஞ்சி முள்ளாக ஏறியது, பிடுங்கிப் போட நேரமில்லை. "இப்பச் சொல்லலாமே" என்றான். தன் பழைய குரலில், மெதுவாக. "போன் இருக்கு. நாலு பேர்னு இப்பச் சொல்லுங்க."

"ஆமா, சொல்லணும்" என்றான் இர்ஷாத். "கண்டிப்பா சொல்லணும்" என்றான் ஜெபராஜ். "அவர் ஒத்துக்குவாரு, நல்ல மனுஷன்" என்றான் தினகரன். மூன்று சட்டைப்பையில் மூன்று போன் இருந்தது. நாயகம் கைகளைப் பார்த்தான். கீழே வண்டி ஹாரன் அடித்தது, நீளமாக. "நான் போய் டிரைவர் அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன், இல்லன்னா கோவிச்சுக்குவாரு" என்று ஜெபராஜ் ஒருக்களித்து இறங்கினான். போகும்போது நாயகத்தின் தோளை ஒரு தட்டுத் தட்டினான், அன்பாகத்தான். "பின்பக்கத்துக் குழாய மூடினேனான்னு டவுட்டா இருக்கு" என்று தினகரன் மேலே ஏறினான். இர்ஷாத் போனைக் கையில் எடுத்தான். எடுத்துத் திரையைத் தேய்த்தான். "இங்க சிக்னல் இல்லப்பா. மொட்டைமாடிக்குப் போய்ப் பேசிட்டு வந்துர்றேன். நீ இங்கயே இரு, பீரோவப் பாத்துக்க." அவனும் ஏறினான். மூன்று செருப்புச் சத்தம் மேலும் கீழுமாகத் தேய்ந்தது.

நாயகம் காதைக் கூராக்கிக்கொண்டு நின்றான். மேலே குழாய் மூடுகிற சத்தம் கேட்கவில்லை. மொட்டைமாடிக் கதவு திறந்தது, கிறீச்சென்றது, அதற்கப்புறம் பேச்சுக்குரல் வரவேண்டும். வரவில்லை. பேசுகிறானோ, ஓரமாகப் போய்ப் பேசுகிறானோ? வீட்டுக்காரர் எடுக்கவில்லையோ? எடுத்து, மாட்டேன் என்கிறாரோ? அல்லது கம்பியில் சாய்ந்து, கொஞ்ச நேரம் போகட்டும் என்று நிற்கிறானோ? நல்லவன்தான். மூன்று பேரும் நல்லவர்கள்தான், சந்தேகமே இல்லை, அதுதான் வம்பு. டிரைவரிடம் ஒருவன் சொல்லத்தான் வேண்டும், குழாயை ஒருவன் பார்க்கத்தான் வேண்டும், சிக்னல் இல்லாத இடத்தில் பேச முடியாதுதான். ஒவ்வொன்றும் சரியான காரணம். அவரவர் காரணத்தோடு அவரவர் போய்விட்டார்கள், அவனும் ஒரு பீரோவும் நிற்கிறார்கள். கீழே ஜெபராஜ் எதற்கோ சிரிக்கிறான், வண்டிக்காரரும் சிரிக்கிறார். கண்ணாடியில் இப்போது ஒரு முகம் மட்டும் தெரிந்தது, அதை அவன் பார்க்க விரும்பவில்லை. நழுவிக் கிடந்த போர்வையை எடுத்து நன்றாக இழுத்துப் போர்த்தினான். கண்ணாடி உடைந்தால் யார் உடைத்தது என்று ஒரு பேச்சு வரும். பிறகு சுவரோரமாக ஒருக்களித்து, முதுகுப்பை சுண்ணாம்பில் உரச, இறங்கினான்.

வண்டிக்காரர் பின்பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஜெபராஜ் திரும்பிப் பார்த்தான். "என்ன மக்கா, தனியா வாறே? பீரோவ யாருகிட்ட விட்டுட்டு வந்தே?" "நம்ம நாலு பேருகிட்டயும்தான்" என்றான் நாயகம். ஜெபராஜ் சிரித்தான், பழக்கத்தில் சிரித்தான், சிரிப்பு முடிவதற்குள் அவன் கண் நாயகத்தின் பைப்பட்டையில் போய் நின்றது. என்னமோ கேட்க வந்தான். வாயைத் திறந்தான். படிக்கட்டுக்குள்ளிருந்து இர்ஷாத்தின் குரலும் தினகரனின் குரலும் ஒன்றாகக் கலந்து இறங்கி வந்தன: "நாயகம்! எங்கடா போயிட்ட? வா வா, தூக்கலாம்!" ஜெபராஜ் வாயை மூடிக்கொண்டான். நாயகம் பைப்பட்டையை இழுத்து இறுக்கிக்கொண்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு, ரயில்வே ஸ்டேஷன் பக்கமாக நடந்தான்.